கரண்டிக் காம்பில் இரண்டு புள்ளி

‘பற்ற வைப்பது’ என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. அடுப்பையும் பற்ற வைக்கிறோம். அறுந்துபோன சங்கிலியையும் பற்ற வைக்கிறோம். முன்னது எரிப்பது, பின்னது இணைப்பது. அண்டை வீட்டாருக்குள் சண்டையைப் பற்ற வைப்பதும் உண்டு. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை நேயர்களே தீர்மானித்துக் கொள்ளலாம். எரிப்பதற்கும் இணைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் சொல் பஞ்சத்தால் அப்படிச் செய்துவிடவில்லை. நெருப்பில்லாமல் உலோகம் உலோகத்தோடு ஒட்டாது என்று கண்டவர்கள் அவர்கள்.

பொற்கொல்லர் எப்படிப் பற்ற வைக்கிறார் என்று பார்த்திருப்பீர்கள். அறுந்த இடத்தில் வெங்காரம் தடவி, கொஞ்சம் பொடியை வைத்து, ஊதுகுழலால் விளக்குச் சுடரை அதன்மேல் ஊதுவார். அந்தப் பொடி தங்கத்தைவிடச் சீக்கிரம் உருகும். உருகி இரண்டு முனைகளுக்கும் நடுவில் புகுந்துகொண்டு, இரண்டையும் பிடித்துக்கொள்ளும். ‘அவர் பொடி வைத்துப் பேசுகிறார்’ என்று நாம் சொல்வது இந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான் என்பார்கள். பாத்திரம் செய்கிற கன்னாரும், தகரக் கடைக்காரரும் கையாண்டது இதே வித்தைதான். பொடிக்குப் பெயர்தான் வேறு. பற்றாசு என்பார்கள், ஈயம் என்பார்கள். எப்படியானாலும் இரண்டு பேரைச் சேர்த்துவைக்க மூன்றாவது ஆசாமி ஒருவர் தேவை, நம் கல்யாணங்களில் தரகர் தேவைப்பட்டதுபோல. தரகர் வேண்டாம் என்றால் ரிவிட் அடிக்க வேண்டும். அதாவது, துளை போட்டு ஆணியால் தைக்க வேண்டும். பாட்டியின் வெண்கலப் பானையையும் பித்தளைத் தூக்கையும் பார்த்தால் இந்த இரண்டு வழிகளில் ஒன்று தெரியும். அல்லது வார்ப்பிலேயே எல்லாம் அடங்கியிருக்கும்.

இனி, தயவுசெய்து சமையலறைக்குப் போய் ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்துப் பாருங்கள். கிண்ணமும் காம்பும் தனித்தனித் தகடாக அடித்த ரகமாக இருக்கட்டும். இரண்டும் சேருமிடத்தில் ஆணி இல்லை. ஈயப் பற்றும் இல்லை. அம்மைத் தழும்பு மாதிரி இரண்டு சின்னக் குழிகள் மட்டும் தெரியும். தூக்கின் காதிலும், டிபன் கேரியரின் பிடியிலும், வாளியின் வளையத்திலும் அதே தழும்புகள். தியாகராய நகரில் பாத்திரக் கடைச் சிப்பந்தியிடம் கேட்டால், “ஸ்பாட் அடிச்சது சார், ஆயுசுக்கும் விடாது” என்பார். பழைய புடவையையும் ஜரிகை வேஷ்டியையும் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கொடுக்க மயிலாப்பூர்த் தெருக்களில் கூடையோடு வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். எங்கள் தெரு மாமி ஒருவர் அவர்களிடம் பேரம் பேசுவதில் மகா நிபுணர். காம்பைப் பிடித்து இரண்டு முறுக்கு முறுக்கிப் பார்க்காமல் ஒரு கரண்டியும் வாங்கமாட்டார். அவர் முறுக்கியதில் விஷயம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் புள்ளியின் பூர்வோத்தரம் அமெரிக்காவில், பிலடெல்பியா நகரில் தொடங்குகிறது. அங்கே பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட் என்ற சபையில் 1877-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் மின்சாரத்தைப் பற்றித் தொடர் பிரசங்கங்கள் செய்தார். பெயர் எலிஹு தாம்ஸன். வயது 23. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் கப்பலேறியவர். மேடையில் அவர் செய்துகாட்டிய பரிசோதனைகளில் தூண்டு சுருள் ஒன்றும் இருந்தது. அதில் இரண்டு கம்பிச் சுற்றுகள். ஒன்று பருமனான கம்பி, சில சுற்றுகள். மற்றது மெல்லிய கம்பி, எண்ணற்ற சுற்றுகள். பருமனான சுற்றில் மின்சாரம் விட்டு, மெல்லிய சுற்றில் நீண்ட பொறி பறக்கச் செய்வதுதான் வழக்கம். தாம்ஸன் அதைத் தலைகீழாகச் செய்தார். லைடன் ஜாடிகளில் சேர்த்து வைத்த மின்சாரத்தை மெல்லிய சுற்றின் வழியே பாய்ச்சினார். பருமனான கம்பியின் இரு முனைகளும் அப்போது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பிரசங்கம் முடிந்து சாமான்களை எடுத்து வைக்கும்போது பார்த்தால், அந்த முனைகள் பிரியவில்லை. ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன.

வேறு யாராவது இருந்தால் கம்பி கெட்டுப்போயிற்றே என்று வெட்டி எறிந்திருப்பார்கள். தாம்ஸன் அதை மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டார். உடனே ஒன்றும் செய்துவிடவில்லை, வயிற்றுப்பாடு இருக்கிறதே! தெரு விளக்குகளுக்கு மின்சார யந்திரம் செய்து, கம்பெனி வைத்து, அதெல்லாம் நிலைத்த பிறகு, 1885-இல்தான் பழைய முடிச்சை அவிழ்த்தார். 1886 ஆகஸ்டில் பேடண்டு கிடைத்தது. அவருடைய கம்பெனி 1892-இல் எடிசனுடைய கம்பெனியோடு சேர்ந்துதான் ‘ஜெனரல் எலெக்ட்ரிக்’ ஆயிற்று. கம்பிகளைச் சேர்த்தவர் கம்பெனிகளையும் சேர்த்தார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அது பணக்காரர்கள் செய்த வேலை.

அந்த முனைகள் ஏன் ஒட்டின? மின்சாரம் போகும் பாதையில் தடை எங்கே அதிகமோ அங்கே சூடு அதிகம். இந்தக் கணக்கை 1841-இல் சொன்னவர் ஜூல் என்பவர். அவரும் மான்செஸ்டர் பக்கத்துக்காரர்தான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பது அவர் விதி. இஸ்திரிப் பெட்டி சுடுவது இந்த விதிப்படிதான். இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் செப்புக் கம்பங்களால் அழுத்தி, மின்சாரத்தைப் பாய்ச்சினால் அது செம்பில் சுலபமாக ஓடுகிறது, தகட்டிலும் ஓடுகிறது. ஆனால் தகடும் தகடும் தொடுகிற இடம் இருக்கிறதே, அது நம் கண்ணுக்குத்தான் வழவழப்பு. பெருக்கிக் காட்டினால் மேடும் பள்ளமும். சில முகடுகளில் மட்டுமே தகடுகள் தொட்டுக்கொள்கின்றன. தீபாவளிக்கு முந்தின வாரம் உஸ்மான் சாலையில் வருகிற ஜனக்கூட்டம் முழுவதும் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கே நடக்கிறது. நெருக்கடி, புழுக்கம், கொதிப்பு. மேலே இருக்கும் செம்பு சுடுவதற்கு முன்னால், வெளித்தோல் உருகுவதற்கு முன்னால், தகடுகளின் நடுவயிற்றில் இரும்பு உருகிவிடுகிறது.

அளவுகளைச் சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு இரும்புத் தகடுகளுக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் ஆம்பியர் வரை வேண்டும். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் பெரிய பிளக்கு 15 ஆம்பியர்தான். ஆனால் இங்கே வோல்ட்டு சொற்பம், ஒற்றை இலக்கந்தான். செப்புக் கம்பத்தைத் தொட்டாலும் அதிர்ச்சி அடிக்காது. ஆம்பியரைப் பெருக்கி வோல்ட்டைக் குறைப்பதுதான் அன்று மேடையில் தலைகீழாகத் திருப்பிய சுருளின் ரகசியம். அழுத்தம் இருநூறு கிலோவுக்கு மேல். நேரம்? ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அதில் பத்து அலை போதும். கண் இமைப்பதற்குள் 1,500 டிகிரிச் சூட்டில் இரும்பு உருகி, மின்சாரம் நின்று, செம்புக்குள் ஓடுகிற குளிர்ந்த தண்ணீர் சூட்டை இழுத்துக்கொண்டு, உருகியது உறைந்துவிடுகிறது. உறைகிறவரை அழுத்தத்தை விடக்கூடாது. உறைந்தபின் வெட்டிப் பார்த்தால், இரண்டு தகடுகளுக்கும் நடுவில் சின்னப் பருப்பு ஒன்று படுத்திருக்கும். ஜெர்மானியர் அதற்கு ‘லின்ஸே’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூதக் கண்ணாடி வில்லைக்கும் அதே பெயர்தான். மூலப்பொருள் என்னவோ நம்முடைய மைசூர்ப் பருப்பு. பொடியும் இல்லை, ஆணியும் இல்லை, தரகரும் இல்லை. வெளியே தெரிவது அழுத்தத்தின் தழும்பு மட்டுந்தான்.

தாம்ஸன் சேர்த்தது கம்பி முனைகளை. தகட்டின்மேல் தகடு வைத்துப் புள்ளி புள்ளியாகச் சேர்ப்பதற்கு ஹார்மட்டா என்பவர் 1903-இல் பேடண்டு கேட்டு மனுப் போட்டார். கிடைத்தது 1912 டிசம்பரில். ஒன்பது வருஷம்! சர்க்கார் ஆபீஸ்களுக்கு எந்த தேசமும் விலக்கல்ல. அந்த உரிமை தாம்ஸன் பெயரிலிருந்த கம்பெனி வகையறாவிடம் வந்து சேர்ந்தது. ரிவிட் அடிக்கக்கூடிய இடத்திலெல்லாம் இனி இந்தப் புள்ளி அடித்தால் எங்களுக்குப் பணம் கட்டு என்று அவர்கள் கிளம்பினார்கள். மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு வக்கீல்கள் குடியிருந்த காலத்தில் இந்த வழக்கு இங்கே வந்திருந்தால் லஸ் மூலையில் ஒரு மாதம் இதே பேச்சாக இருந்திருக்கும். ஒரு கோர்ட்டு பேடண்டு செல்லும் என்றது. இன்னொரு கோர்ட்டு செல்லாது என்றது. கடைசியில் மோட்டார் உற்பத்தியாளர் போர்டு கம்பெனி எதிர்வாதியாக நிற்க, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1924-இல் தீர்ப்புச் சொல்லிற்று. முன்னமே பலர் இதையொத்த வேலைகளைச் செய்து பதிந்திருக்கிறார்கள். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல, கைதேர்ந்த தொழிலாளி தன் அநுபவத்தால் செய்துகொள்ளக் கூடியதுதான் என்பது தீர்ப்பின் சாரம். பேடண்டு போயிற்று. அன்றைக்கு வேறு விதமாகத் தீர்ப்பாகியிருந்தால் புள்ளி இவ்வளவு சீக்கிரம் ஊருக்குப் பொதுவாகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அதே பிலடெல்பியாவில் எட்வர்ட் பட் என்பவர் 1912-இல் ஒரு கம்பெனி தொடங்கி, மரச்சட்டமே இல்லாமல் மோட்டார் வண்டிகளுக்கு முழு எஃகு உடல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு எவர்சில்வர் பக்கம் அவர் கவனம் திரும்பியது. இரும்போடு நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கலந்தது நல்ல எவர்சில்வர். அது புள்ளி அடிப்பதற்கென்றே பிறந்த உலோகம் என்று சொல்லலாம். சாதாரண இரும்பைவிட அதற்கு மின்தடை அதிகம், ஆகையால் குறைந்த மின்சாரத்திலேயே சூடேறும். செம்பும் பித்தளையும் அப்படியல்ல. மின்சாரத்தைத் தடையின்றி வழியனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். பித்தளை போய் எவர்சில்வர் வந்தபோது, நம் பாத்திரங்களில் பற்றும் ரிவிட்டும் மறைந்து தழும்புகள் வந்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

ஆனால் எவர்சில்வரிடம் ஒரு துர்க்குணம் உண்டு. நெடுநேரம் சூட்டில் இருந்தால், அதைத் துருவிலிருந்து காக்கிற குரோமியம் உள்ளே இருக்கும் கரியோடு கைகோத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். அந்த இடத்தில் காவல் இல்லாமல் போகும். “எவர்சில்வர் என்கிறான், காதுக்குப் பக்கத்தில் துருப் பிடிக்கிறதே!” என்று நம் வீட்டுப் பெண்மணிகள் அங்கலாய்ப்பதற்கு மட்ட ரகத் தகடு ஒரு காரணம், அளவுக்கு மீறிச் சுட்ட புள்ளி இன்னொரு காரணம். பட் கம்பெனியில் ராக்ஸ்டேல் என்ற என்ஜினீயர் இதற்கு வழி கண்டார். சூடு சட்டென்று வந்து சட்டென்று போய்விட வேண்டும். குரோமியத்துக்கும் கரிக்கும் அறிமுகம் ஆவதற்கே அவகாசம் தரக்கூடாது. இந்த முறைக்கு 1934 ஜனவரியில் பேடண்டு கிடைத்தது. அதே வருஷம் மே 26-ஆம் தேதி, இந்த முறையில் செய்த ‘ஜெபிர்’ என்ற எவர்சில்வர் ரயில் டென்வரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, வழியில் எங்கும் நிற்காமல், 1,015 மைலை 13 மணி 5 நிமிஷத்தில் ஓடி, பொழுது சாயும் நேரத்தில் சிகாகோ சேர்ந்தது. பிரயாணிகளில் ஒரு கழுதையும் இருந்தது. விளம்பரத்துக்காக ஏற்றினார்களாம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னையில் வண்டி கட்டுவதற்குப் பெயர் போன இடம் மவுண்ட் ரோடு. 1840-இல் தோன்றிய ஸிம்ப்ஸன் கம்பெனி அங்கே கோச்சு வண்டிகளைக் கட்டி வந்தது. 1903-இல் அதே கம்பெனியைச் சேர்ந்த ஸாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் மோட்டார் ஒன்றைச் செய்து ஓட்டினார். கோச்சு வண்டிக் காலத்தில் வண்டி என்றால் மரம், ஆணி, திருகு. பழைய ரயில் பெட்டிகளும் அவ்விதமே: கீழே இரும்புச் சட்டம், அதன்மேல் தேக்கு மரக் கூடு. மாட்டு வண்டியின்மேல் ஒரு வீட்டைத் தூக்கி வைத்ததுபோல. பாரத்தைச் சட்டம் சுமக்கும்; கூடு வெயிலுக்கும் மழைக்கும் மட்டும். மோதல் நேர்ந்தால் ஒரு பெட்டியின் சட்டம் அடுத்த பெட்டியின் கூட்டுக்குள் உறைக்குள் வாள் நுழைவதுபோல் நுழைந்துவிடும். மரம் சிம்புசிம்பாகப் பிளந்து ஜனங்களைக் குத்தும். பல தேசங்களில் எத்தனையோ உயிர்கள் போனது இப்படித்தான்.

சுதந்தரம் வந்தவுடன் இதற்கு முடிவு கட்ட நினைத்த நம் சர்க்கார், ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச்சுக்கு அருகே ஷ்லீரன் என்ற ஊரிலிருந்த வண்டித் தொழிற்சாலையோடு 1949-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பலன்தான் பெரம்பூரில் 1955 அக்டோபர் 2-ஆம் தேதி பண்டித நேரு திறந்து வைத்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை. மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பெரம்பூர் வெளியூர் மாதிரி, ஐ.ஸி.எப். என்ற மூன்றெழுத்து மட்டும் தெரியும். பெயரிலுள்ள ‘இணைப்பு’ என்ன என்று கேட்பவர் குறைவு. தரை, பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒரே குழாயாகச் சேர்ந்து பாரத்தைச் சுமக்கும் பெட்டி என்று அர்த்தம். மூங்கிலுக்குள்ளே எலும்பு இல்லை, தோலே எலும்பு. அந்த மாதிரி. தோல் எலும்பாக வேண்டுமானால் தகடு சட்டத்தோடு ஓரிடம் பாக்கியில்லாமல் உறவாட வேண்டும். கனமான பாகங்களுக்கு மின்பொறியால் பற்றவைப்பு. மெல்லிய தகடுகளுக்குப் புள்ளி. மரத்திலும் ரிவிட்டிலும் கைபழகிய ஊரில் இந்த வேலையைக் கற்றுக்கொடுப்பதற்காகப் பயிற்சிப் பள்ளியே வைத்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்த பையன்கள் ஸ்விட்சர்லாந்துக்காரர்களின் பக்கத்தில் நின்று பழகினார்கள்.

தொழிற்சாலை திறந்து பதினாலாவது மாதத்தில், 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியலுக்கு முன், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் விழுந்தது. முந்தின இரவு எழும்பூரில் ஏறி மாம்பலத்தைக் கடந்து போன வண்டி. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்தார். அது வெள்ளத்தில் பாலம் போனதால் வந்த விபத்து. எந்தப் பெட்டியானாலும் ஆற்றில்தான் விழுந்திருக்கும். ஆனாலும் அந்த நாட்களில் ரயிலேறியவர்கள் ஏறுமுன் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஏறியிருந்தால் நாம் சிரிக்க முடியாது.

தட்டிப் பார்த்தால் தெரியாது என்பதுதான் இந்த விஷயத்தில் கஷ்டம். ஆணி ஆடினால் ஆடுவது தெரியும். ஈயப் பற்று விட்டால் கீறல் தெரியும். புள்ளியோ உள்ளே இருக்கிறது. உருகிச் சேர்ந்த பருப்புக்கும், சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக்கும் வெளித் தழும்பு ஒன்றேதான். ஒரு மோட்டார் காரில் நாலாயிரம், ஐயாயிரம் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் யார் திறந்து பார்ப்பது?

ஷ்லீரன் மாதிரிப் பெட்டிகள் அறுபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டன. அந்த மாதிரியில் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் பெரம்பூரிலிருந்து வெளியே வந்தது. இப்போது அங்கே எவர்சில்வர் குடும்பத்துப் பெட்டிகளே தயாராகின்றன. 2018-இல் உருவாகி 2019 பிப்ரவரியில் தில்லிக்கும் காசிக்கும் இடையே ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலும் அந்தக் குடும்பந்தான். கரண்டியும் ரயிலும் ஒரே ஜாதியாகிவிட்டன. பெரிய தொழிற்சாலைகளில் புள்ளிக்குள் ஒலி அலையைச் செலுத்திச் சோதிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும் பழைய சோதனை ஒழியவில்லை. அதை நான் பார்த்தது கிண்டியில்.

கிண்டி தொழிற்பேட்டை 1958-இல் ஏற்பட்டது. அங்கே ஒரு சிறு பட்டறையில் வயதான மேஸ்திரி ஒருவர் ஸ்பாட் மிஷினில் உட்கார்ந்து, அலமாரித் தகடுகளுக்குப் புள்ளி அடித்துக்கொண்டிருந்தார். பெடலை ஒரு மிதி, ‘சிக்’ என்று ஒரு சத்தம், ஒரு தழும்பு. புள்ளிக்குப் புள்ளி இடைவெளியை விரலால் அளந்துகொண்டே போனார்.

“இன்னும் நெருக்கி அடித்தால் பலம் ஜாஸ்தியாகாதா?” என்று கேட்டேன்.

“ஆகாதுங்க சார். பக்கத்திலே அடிச்ச பழைய புள்ளி இருக்குதே, கரண்டு அது வழியாவே போயிடும். ரோடு போட்டு வெச்சிருந்தா யாரு முள்ளிலே நடப்பா? புதுப் புள்ளி பச்சையாவே நின்னுடும்.”

“பச்சையா வெந்ததா என்று எப்படித் தெரியும்?”

அவர் பதில் சொல்லவில்லை. காலையில் வேலை தொடங்குமுன் அடித்து வைத்திருந்த இரண்டு துண்டுத் தகடுகளை எடுத்தார். அதே தகடு, அதே அழுத்தம், அதே நேரம். ஒன்றை வைஸில் பூட்டி, மற்றதை இடுக்கியால் பிடித்து வாழைப்பட்டையை உரிப்பதுபோல் உரித்தார். தகடு முனகிக்கொண்டே வந்தது. புள்ளி இருந்த இடத்தில் ஒரு தகட்டில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தது. அந்த வட்டம் அப்படியே பெயர்ந்து, பொத்தான் மாதிரி மற்றத் தகட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

“ஓட்டை விழுந்துவிட்டதே?” என்றேன்.

“விழணும் சார். தகடு கிழியணும், புள்ளி விடக்கூடாது. சுத்தமா ரெண்டாப் பிரிஞ்சு வந்துதுன்னா இன்னிக்கு அடிச்சதெல்லாம் வேஸ்டு.”

எங்கள் தெரு மாமி காம்பை முறுக்கிப் பார்த்ததும் இந்தச் சோதனையைத்தான். கிழிகிற அளவுக்கு அவர் போகவில்லை, அவ்வளவே. மேஸ்திரி அந்தப் பொத்தானைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு ஓட்டை விழுந்த தகட்டைக் காலடியில் இருந்த குப்பைத் தகடுகளோடு போட்டுவிட்டு, அலமாரியின் அடுத்த தகட்டை எடுத்துச் செப்புக் கம்பங்களுக்கு நடுவே வைத்தார்.